சோத்து உப்பு

காவாந்தண்டலத்தில் முத்துகிருஷ்ணனை ஊரே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடிய நாள்கள் பதினொன்று. அந்தப் பதினோரு நாளும் அவன் கண் மூடவில்லை என்பது ஊருக்குத் தெரியாது. தெரிந்தவள் அவன் பெண்டாட்டி சுலோச்சனா ஒருத்திதான். அவளும் அதைப் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தாள். பொய் சொல்வானேன்?

மாசி மாதம். நவரைப் போகத்து நெற்பயிர் முழங்கால் உயரத்துக்கு வந்து கழனியெல்லாம் பச்சென்று கிடந்தது. விடியற்காலையில் ஊர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளும் நேரத்துக்கு முத்துகிருஷ்ணனின் டிராக்டர் கிளம்பிவிடும். தன் வாய்க்காலைத் தூர் எடுத்தான். அது முடிந்ததும் அடுத்தவன் வாய்க்கால். பெரியவர் வேதகிரியின் மேட்டு நிலம் மூன்று வருஷமாக முள் மண்டிக் கிடந்தது. அவர் கேட்காமலே போய்ப் பிடுங்கி, உழுது போட்டுவிட்டு வந்தான். பள்ளிக்கூடத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தான். பேச்சு ஓயாது, சிரிப்பு ஓயாது. சோறு மட்டும் இரண்டு வாய்க்கு மேல் இறங்காது.

பால் சொசைட்டியில் வேதகிரி அவளை நிறுத்திச் சொன்னார்: "இன்னாம்மா சுலோச்சனா, உன் வூட்டுக்காரன் மனுசனா மிஷினா? வூட்டுக்கு ஒருத்தன் இப்டி இருந்தா கவர்மெண்டே வாணாம்மா."

"அவுருக்குக் குந்தத் தெரியாதுங்க பெரீப்பா," என்றாள் சுலோச்சனா. பால் தூக்கை வீசிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

இதே மனிதன்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் மழை முடிந்த கையோடு மூன்று மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். பேச்சில்லை, குளியலில்லை. அப்போது இதே வேதகிரி அவனைச் சோம்பேறி என்றார். ஓடினால் உழைப்பாளி, படுத்தால் சோம்பேறி. கழனிக்காரர்களிடம் மனுஷனை அளக்க வேறு மரக்கால் கிடையாது. காய்ச்சல் என்றால் நெற்றியில் கை வைத்துப் பார்க்கலாம். இதை எங்கே என்று தொட்டுப் பார்ப்பது?

பன்னிரண்டாம் நாள் காலை அவன் டிராக்டரில் மண்ணை அரைக்கும் ரோட்டவேட்டரை மாட்டிக்கொண்டு மோகனின் கழனியில் இறங்கினான். மோகன் சித்தப்பா மகன். வரப்புக்கு அந்தப் பக்கம் அவன் கழனி, இந்தப் பக்கம் இவன் கழனி. நட்டு நாற்பது நாள் ஆன பயிர்.

"வரப்பு இன்னாத்துக்குடா மோகனா? உத்தரமேரு ஏரியிலேர்ந்து செய்யாறு வரிக்கும் ஒரே கயனி! ஜில்லாவுக்கே நாம சோறு போட்றோம் பாரு!"

ஒரு ஏக்கர் பயிரையும் சேற்றோடு சேறாக அரைத்துவிட்டு, வரப்பைக் கரைத்து, தன் கழனிக்குள்ளும் புகுந்துவிட்டான். மோகன் ஓடி வந்து டிராக்டருக்கு முன்னால் கையை விரித்து நின்றான். "யண்ணா, பயிருண்ணா! பயிருண்ணா!" என்று கத்தினான். முத்துகிருஷ்ணன் சிரித்துக்கொண்டே அவனைச் சுற்றி வளைத்து ஓட்டினான். கடைசியில் நாலு பேர் சேர்ந்து அவனைப் பிடித்து இழுத்து, வைக்கோல் கட்டும் கயிற்றால் கட்டி வேனில் ஏற்றினார்கள். சுலோச்சனா செருப்புக்கூடப் போடாமல் ஏறிக்கொண்டாள்.

அந்தப் பக்கத்தில் கொலைகாரனைக்கூடப் பத்து வருஷம் கழித்துக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவார்கள். நட்ட பயிரை ஓட்டினவனை மறக்க மாட்டார்கள்.

செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் பதினெட்டு நாள் இருந்தார்கள். டாக்டரம்மா சின்ன வயசு, பொறுமைசாலி. சுலோச்சனாவை எதிரே உட்கார வைத்துச் சொன்னாள்.

"இதுக்குப் பேரு இருமுனை நோய்ம்மா. பைபோலார்னு சொல்லுவோம். மனசு ஒரு சமயம் அளவுக்கு மீறி ஏறும், ஒரு சமயம் அடியோட இறங்கிடும். ரெண்டும் ஒரே நோய்தான். பயிரை ஓட்டினது அவர் வேணும்னு செஞ்சதில்ல. முன்னாடி படுத்துக் கிடந்ததும் சோம்பேறித்தனம் இல்ல."

"அப்ப அந்தப் பதினோரு நாளு? எல்லாருக்கும் வாய்க்கா வெட்டிக் குடுத்தாரே?"

"அதுவும் நோய்தான்மா."

அந்த ஒன்றுதான் சுலோச்சனாவின் தொண்டையில் இறங்கவில்லை. ஊரே கையெடுத்துக் கும்பிட்ட உழைப்பு எப்படி நோயாகும்? அவள் அதிலேயே நின்றுவிட்டாள். டாக்டரம்மா மேலே சொல்லிக்கொண்டே போனாள்: மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது, மாதம் ஒரு தடவை ரத்தம் கொடுக்கணும், தூக்கம் குறைந்தால் உடனே வரணும், சாப்பாடு எப்பவும் போல சாப்பிடட்டும், உப்பு, தண்ணி எதையும் குறைக்க வேண்டாம். சுலோச்சனா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மனசில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது மாத்திரை ஒன்றைத்தான். மாத்திரை இருந்தால் மனுஷன் நிற்பான், விட்டால் போய்விடுவான். வேறென்ன வேண்டும்?

பங்குனியில் வீட்டுக்கு வந்தான். வந்தவன் வேறு ஆள். சத்தமில்லாமல் நடந்தான், கேட்டால் மட்டும் பேசினான். காலையிலும் ராத்திரியிலும் அவள் மாத்திரையை நீட்டுவாள். விழுங்கியதும், "ஆ காட்டு" என்பாள். நாற்பத்தாறு வயசு ஆம்பளை நாக்கைத் தூக்கிக் காட்டுவான்.

அவள் கோபம் மட்டும் எந்த மாத்திரைக்கும் அடங்கவில்லை. தண்ணி எடுக்கப் போனால் பேச்சு நின்றது. மோகன் பெண்டாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒருநாள் பால் சொசைட்டியில் எவனோ, "இன்னாம்மா, ட்ராக்டர் சாவிய எங்க வச்சிருக்கே? எங்க பயிரு பத்திரமா?" என்று கேட்டான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். வேதகிரியும் சிரித்தார். அவர் நிலத்தில் அப்போது முளைத்து நின்ற காராமணி இவன் உழுது கொடுத்த மண்ணில் வந்தது.

அந்த ஆத்திரத்தோடு வந்து அவனுக்குச் சோறு போட்டாள். கத்திரிக்காயும் கருவாடும் போட்ட குழம்பு. ரொம்ப நாளைக்குப் பிறகு அவன் வாய் திறந்தான்.

"கொயம்பு நல்லா கீதுமே. இன்னுங் கொஞ்சம் ஊத்து."

அவ்வளவுதான். கரண்டியைத் தூக்கி எறிந்தாள்.

"நல்லா கீதா? ஊருல நான் தல காட்ட முடில, உனுக்குக் கொயம்பு கேக்குதா? பச்சப் பயிர ஓட்டிட்டு வந்து குந்திக்கினு... சோத்துல உப்பு போட்டுத்தான் திங்கிறியாய்யா நீ?"

நம் பக்கத்தில் கோபம் வந்தால் யாரும் யாரையும் கேட்பதுதான். சூடு சொரணை உண்டா என்று அர்த்தம். சொல்லிவிட்டு மறந்துவிடுவார்கள். அவன் கை தட்டிலேயே நின்றது. பிசைந்த சோற்றைப் பார்த்தான். எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டான்.

மறுநாள் காலை கூழ் கரைக்கும்போது, "எனுக்கு உப்பு போடாதே," என்றான்.

"ஏன்?"

"பத்தியம்."

சுலோச்சனா மேலே கேட்கவில்லை. மருந்து என்றால் பத்தியம் இருக்கத்தானே செய்யும்? அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து ஒரு மண்டலம் உப்பில்லாமல் போட்டார்கள். நாக்கு செத்துப் போனாலும் உயிர் பிழைத்தது. இவ்வளவு பெரிய நோய்க்கு அதுகூட இல்லாமலா? அவனாக வாய்விட்டுக் கேட்கிறான், பிழைக்க வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டது என்று நினைத்தாள். அன்றைக்கே தனிச் சட்டி வாங்கினாள். அவன் சோறு தனி, குழம்பு தனி. உப்பு பட்ட கரண்டி அந்தச் சட்டியில் படாது. கருவாடு, ஊறுகாய், மோர் மிளகாய் எதுவும் கிடையாது. அப்படி ஒரு சுத்தத்தைச் சாமிக்குப் பொங்கல் வைக்கும்போதுகூட அவள் பார்த்ததில்லை.

சித்திரை பிறந்தது. வெயில் என்றால் வெயில், தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்கிற வெயில். ரத்தப் பரிசோதனைக்குப் போகவேண்டிய நாள் தாண்டிப் போய்விட்டது. அறுப்பு முடியட்டும் என்று சுலோச்சனா தள்ளிப் போட்டாள். அவன் ஓட்டாமல் விட்டிருந்த மேலண்டைக் கழனி ஒன்றுதான் அந்தப் போகத்துக்கு மிச்சம்.

அறுப்பு மிஷின் வந்தது. மிஷின் நடுவில் அறுக்கும். மூலை முடுக்கில் திரும்பாது, அங்கே அரிவாளால்தான் அறுத்துக் கொடுக்க வேண்டும். அதற்குச் சின்னபொண்ணு வந்திருந்தாள். ஊர்க் கோடியில் இருளர் குடியிருப்பில் வீடு. பத்து வருஷமாக இவர்கள் கழனியில் நடவும் களையும் அவள் கைதான். முத்துகிருஷ்ணனும் அரிவாளை எடுத்துக்கொண்டு இறங்கினான். இரண்டு நாளாக அவனுக்கு வயிறு சரியில்லை, வாந்தி வேறு. சூடு என்று சுலோச்சனா வெந்தயம் கொடுத்திருந்தாள். "நீ வூட்ல இரு" என்றால் கேட்கவில்லை.

"குந்திக்கினு தின்னா ஊரு இன்னா சொல்லும்," என்றான்.

மத்தியானம் வேப்பமரத்து நிழலில் கூழ் குடிக்க உட்கார்ந்தார்கள். சின்னபொண்ணு உப்புக்குக் கையை நீட்டினாள். சுலோச்சனா உப்புப் பொட்டலத்தை அவள் கையில் கொடுக்காமல் வரப்பில் வைத்தாள்.

"எடுத்துக்கோ. கையில குடுத்தா நமக்குள்ள சண்ட வந்துடும்."

"சண்ட போட எனுக்கு ஏதுக்கா நேரம்?" என்று சிரித்துக்கொண்டே சின்னபொண்ணு எடுத்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "யக்கா, அண்ணங்கையப் பாரு."

முத்துகிருஷ்ணன் தூக்கை வாய்க்குக் கொண்டுபோனான். கை உதறியது. சும்மா நடுக்கம் இல்லை. கூழ் பாதி சட்டையில் சிந்தியது. மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து விரல் லேசாக நடுங்குவது உண்டு, இது அப்படியில்லை.

"இன்னாய்யா பண்ணுது?"

அவன் ஏதோ சொன்னான். நாக்கு தடித்து, வார்த்தை குழைந்து வந்தது. எழுந்தான். இரண்டு எட்டு கோணல் மாணலாக வைத்தான், மூன்றாவதற்கு வரப்பிலிருந்து கழனிக்குள் சரிந்தான். மிஷின் டிரைவர் மேலிருந்து பார்த்துவிட்டு, "பட்டப்பகல்லயே சரக்கா?" என்றான்.

சுலோச்சனா ஓடிப்போய் அவன் வாயை மோந்து பார்த்தாள். புளித்த கூழ் வாசனைதான். மிஷின் நின்றது, ஆட்கள் கூடினார்கள். ஆளுக்கொரு வைத்தியம் வாயிலிருந்து வந்தது.

"எல்லாம் அந்த மாத்திரை. பைத்தியத்துக்குக் குடுக்கற மாத்திரை நரம்ப அத்துடும்மா. தூக்கித் தூரப் போடு," என்றார் வேதகிரி.

"கோயிலுக்குக் கூட்டினு போ. மந்திரிச்சுக் கயிறு கட்டு. ஆஸ்பத்திரிக்குப் போனா மறுக்கா அத்தத்தான் குடுப்பாங்க," என்றார் இன்னொருவர்.

சுலோச்சனாவுக்குத் தலை சுற்றியது. மாத்திரையை நிறுத்தினால் மறுபடி அந்தச் சிரிப்பும் டிராக்டரும் வரும். நிறுத்தாவிட்டால் இதோ கண்ணெதிரே செத்துக்கொண்டிருக்கிறான். எந்தப் பக்கம் போனாலும் பள்ளம். அவள் அழுதுகொண்டே கரைந்த வரப்பைத் தாண்டி மோகன் கழனிக்கு ஓடினாள். இரண்டு மாதமாக அவள் அந்தப் பக்கம் கால் வைத்ததில்லை. மோட்டார் கொட்டகையில் மோகன் இருந்தான்.

"மோகனா, உங்கண்ணன் விய்ந்துட்டாரு. வண்டி எடுடா."

மோகன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "குடிச்சிட்டானா?"

"இல்லடா. செத்துடுவாருடா. உன் கால்ல வுய்றேன்."

"கால்லலாம் வுயாதே அண்ணி," என்று எரிச்சலோடு சொன்னான். சொல்லிக்கொண்டே சாவியை எடுத்தான். வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி எங்கே என்று அவன் கேட்டபோது அவள் செங்கல்பட்டு என்றாள். கூடியிருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். சின்னபொண்ணு மட்டும், "நீ போக்கா, நெல்ல நாம் பாத்துக்கறேன்," என்றாள். அவன் மாத்திரை அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு சுலோச்சனா மோகனின் லோடு ஆட்டோவில் ஏறினாள். பின்னால் சாக்கு விரித்து அவனைப் படுக்கவைத்து, தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வழி முழுக்க அவன் உதறினான்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், குளுக்கோஸ் மாதிரி ஒரு பாட்டிலை ஏற்றினார்கள். மாலையில் டாக்டரம்மா காகிதத்தோடு வந்தாள். முகம் இறுகியிருந்தது.

"மருந்து ரத்தத்துல ரெண்டு மடங்குக்கு மேல ஏறியிருக்கும்மா. மாத்திரை அதிகமா குடுத்தீங்களா?"

"சாமி சத்தியமா இல்லம்மா. நீங்க சொன்ன கணக்குதான். வாயத் தெறந்து பாத்துத்தான் வுடுவேன்."

"சாப்பாடு? உப்பெல்லாம் எப்பவும் போலத்தானே?"

சுலோச்சனா முகம் மலர்ந்தாள். தான் சரியாகச் செய்ததைக் கடைசியில் ஒருத்தி கேட்டுவிட்டாள் அல்லவா? "ஒரு கல்லு உப்பு படலம்மா. முப்பது நாளா பத்தியம். தனிச் சட்டிம்மா."

டாக்டரம்மா நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இந்த மாத்திரையே ஒரு உப்பு ஜாதிதாம்மா. லித்தியம்னு பேரு. நாம சோத்துல போட்ற உப்பு உடம்புல குறைஞ்சுதுன்னா, உடம்பு அதுக்குப் பதிலா இந்த உப்பைப் பிடிச்சு வச்சுக்கும், வெளிய விடாது. வெயில்ல வேர்த்து, வாந்தி பேதியும் ஆனா இன்னும் மோசம். மருந்தே விஷமாயிடும். பத்தியம்னு யாரும்மா சொன்னது?"

"அவுருதாம்மா..." என்று சுலோச்சனா கட்டிலைப் பார்த்தாள்.

முத்துகிருஷ்ணன் கண் திறந்திருந்தது. உதடு அசைந்தது. அவள் குனிந்து காதை வைத்தாள்.

"நீதான சொன்னே," என்றான் குழறலாக.

"நானா? நான் எப்பய்யா சொன்னேன்?"

"உப்பு போட்டுத் திங்கிறியான்னு கேட்டே இல்ல. மெய்தான். பயிர ஓட்டினவனுக்கு உப்பு இன்னாத்துக்கு?"

அவளுக்குக் கரண்டி விழுந்த சத்தம்கூட ஞாபகத்துக்கு வந்தது. ஒரு பேச்சுக்குச் சொன்னதை இந்த மனுஷன் முப்பது நாள் ஒவ்வொரு வாய்ச் சோற்றிலும் தின்றிருக்கிறான். தானும் தனிச் சட்டி வைத்து, கரண்டி கழுவிக் கழுவி, அதையே ஆக்கிப் போட்டிருக்கிறாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய் அழுதாள். மோகன் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். எல்லாம் கேட்டிருந்தது. எழுந்து போய் டீ வாங்கி வந்து அவள் பக்கத்தில் வைத்தான்.

எட்டாம் நாள் நடுக்கம் நின்றது. மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்தி, அளவைக் குறைத்து மறுபடி ஆரம்பித்தார்கள். இந்த முறை சுலோச்சனா ஒவ்வொரு வார்த்தையையும் டாக்டரம்மாவிடம் திருப்பிச் சொல்லிக் காட்டிவிட்டுத்தான் எழுந்தாள். உப்பு எப்பவும் போல. தண்ணி எப்பவும் போல. வாந்தியோ பேதியோ பெரிய நடுக்கமோ வந்தால் அடுத்த வேளை மாத்திரை போடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ரத்தம் கொடுக்கிற நாளை அறுப்பு வந்தாலும் தள்ளக் கூடாது.

வைகாசி முதல் வாரத்தில் மோகனே வந்து கூட்டிப்போனான். வாசலில் இறக்கிவிட்டு வண்டியை அணைக்காமலே சொன்னான்.

"அண்ணி, ட்ராக்டர் சாவிய எங்கிட்ட குடு."

சுலோச்சனாவுக்குச் சுருக்கென்றது. மோகன் அண்ணனைப் பார்க்காமல் தொடர்ந்தான்.

"ஓட்றதுக்கு நீ கேட்டா குடுப்பேன். ரெண்டு ராத்திரி சேந்தாப்ல தூங்கலன்னா மொதல்ல எனுக்குப் போன் பண்ணு. பயிரு போனது போனதுதான், எனுக்கு ஆறல. அதுக்குன்னு ஆளயும் வுட முடியுமா?"

முத்துகிருஷ்ணனே உள்ளே போய் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து வந்து தம்பி கையில் வைத்தான். "மோகனா," என்றான். மோகன் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

சுலோச்சனா கஞ்சி வைத்தாள். தனிச் சட்டியை வெளியே கொண்டுபோய் மாட்டுக்குக் கழுநீர் வைக்கப் போட்டுவிட்டாள். அவன் முன்னால் கஞ்சியை வைத்து, பக்கத்தில் உப்பு ஜாடியையும் வைத்தாள். அவன் கஞ்சியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். கை ஜாடிப் பக்கம் போகவில்லை.

"டாக்டரம்மா சொன்னாங்க இல்ல. போட்டுக்கோய்யா."

"தெரியுது. கை வர்ல சுலோச்சனா."

"நாந்தான் ஆத்தரத்துல சொல்லிட்டேன். என் நாக்குல தீய வைக்க. அது ஒரு பேச்சுய்யா. நீ ஏன் அதக் கட்டிக்கினு அழுவுற?"

"நீ சொன்னது தப்பில்ல."

"தப்புதான். நோயில பண்ணதுக்கு எந்தச் சொரணையக் கேட்டேன் நான்? பெருமையாவும் நாந்தான் பேசினேன், கேவலமாவும் நாந்தான் பேசினேன். ரெண்டுத்துலயும் உன்ன நான் பாக்கவே இல்ல."

அவன் தலை நிமிரவில்லை. கஞ்சியில் ஏடு படிந்துகொண்டிருந்தது. அவள் ஜாடிக்குள் கையை விட்டு ஒரு பிடி கல்லுப்பை அள்ளினாள். அவன் கையைப் பிடித்து விரித்து உள்ளங்கையில் வைத்தாள்.

அவன் பதறிவிட்டான். "ஏய், கையில குடுக்கற? சண்ட வரும்மே!"

"வரட்டும்," என்றாள் சுலோச்சனா. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "தெனமும் வரட்டும். சண்ட போட நீ இருந்தா போதும் எனுக்கு."

அவன் உள்ளங்கையை ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு கையைக் கஞ்சியின் மேல் கொண்டுபோய் அப்படியே கவிழ்த்தான். விரல்விட்டுக் கலக்கினான். தூக்கி ஒரு வாய் குடித்தான். முகம் கோணியது.

"கரிக்குதுமே. இம்மாம் உப்பயா குடுப்பே?"

"அத்தினியும் போடச் சொல்லி எவ சொன்னது உனுக்கு?" என்று சுலோச்சனா முகத்தைத் துடைத்துக்கொண்டே கத்தினாள். இன்னும் கொஞ்சம் கஞ்சியை மொண்டு வந்து அவன் கிண்ணத்தில் ஊற்றினாள்.